இணைய ஏலத்தில் ஏறுபடி: வியாபாரப் பாடம் ஒன்று

 

பழைய அஞ்சல்தலை, நாணயம், நோட்டு, படத் தபால் அட்டை ஆகியவற்றைச் சேகரிக்கும் பழக்கம் நம்மவரிடையே என்றும் உண்டு. முன்பெல்லாம் இவற்றை வாங்க வேண்டுமானால் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். இன்றோ, அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ ஒருவர் தம் வீட்டுப் பரணிலிருந்து எடுத்த சாமானை, நாம் கடையில் கல்லாவின் முன் அமர்ந்தபடியே கைத்தொலைபேசியில் ஏலம் கேட்கலாம். வசதி பெரிதுதான். ஆனால் ஏலத்தின் கணக்கை அறியாமல் கைவைத்தால் நஷ்டமும் பெரிது. அந்தக் கணக்கு தெரியாத காரணத்தால் நாமே சென்ற ஆண்டு ஒரு தவறு செய்தோம். அதனால் நம் சகோதரர் ஒருவருக்குப் பணம் விரயமாயிற்று. பிறரும் அவ்வாறு செய்யாதிருக்க வேண்டுமென்றே இப்பாடத்தை எழுதத் துணிந்தோம்.

ஏலம் கூறி விற்பது கூடுமா?

முதலில் இக்கேள்விக்கு விடை காண்போம். ஏலம் மார்க்கத்தில் ஆகுமானதே. அன்ஸாரிகளில் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து யாசகம் கேட்டார். அவர் வீட்டில் இருந்தவை ஒரு விரிப்பும் ஒரு பாத்திரமுமே. அவற்றைக் கொண்டுவரச் செய்து, இவற்றை வாங்குவோர் யார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். ஒருவர் ஒரு திர்ஹத்துக்குக் கேட்டார். அதற்கு மேல் தருவோர் யார் என்று இரண்டு மூன்று முறை கேட்ட பின், வேறொருவர் இரண்டு திர்ஹம் தர முன்வந்தார். அவருக்கே அவை கொடுக்கப்பட்டன. அந்தப் பணத்தில் ஒரு திர்ஹத்துக்கு வீட்டாருக்கு உணவும், மற்றொன்றுக்கு ஒரு கோடரியும் வாங்கச் சொல்லி, விறகு வெட்டிப் பிழைக்குமாறு அம்மனிதரை அனுப்பினார்கள். அபூதாவூது, திர்மிதீ, இப்னுமாஜா ஆகிய கிரந்தங்களில் இச்செய்தி வந்துள்ளது.

இச்சம்பவத்தில் மூன்று படிப்பினைகள் உள்ளன. ஏலம் வெளிப்படையாக நடந்தது. கேட்டவர் இருவரும் உண்மையில் வாங்கும் எண்ணமுடையோர். விலை ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏறியது, அஃதாவது ஏறிய படி ஒரு திர்ஹம். ஒரு சகோதரன் விலை பேசி முடித்த பொருளின் மேல் மற்றவன் விலை கூறக் கூடாது என்ற தடையும் நமக்குத் தெரியும். அத்தடை, விற்பவரும் வாங்குபவரும் மனமொத்த பின்னர் குறுக்கிடுவதைப் பற்றியது. ஏலத்திலோ விற்பவர் இன்னும் யாருக்கும் சம்மதம் தரவில்லை. ஆகவே ஒருவர் மேல் ஒருவர் கேட்பது அதில் குற்றமாகாது.

ஏறுபடி என்பது யாது?

ஒருவர் கேட்ட விலைக்கு மேல் அடுத்தவர் குறைந்த பட்சம் எவ்வளவு கூட்டிக் கேட்க வேண்டும் என்று ஏலம் நடத்துபவர் விதிக்கும் தொகையே ஏறுபடி. ஆங்கிலத்தில் பிட் இன்கிரிமென்ட் என்பர்.

இப்படி ஒரு விதி ஏன் வேண்டும்? ஆயிரம் வெள்ளிக்கு ஒருவர் கேட்ட பொருளை, ஆயிரம் வெள்ளி ஒரு காசு என்று கேட்டு மற்றவர் தட்டிக்கொண்டு போனால் அது நியாயமாகத் தோன்றுமா? ஏலமும் விடியும் வரை முடியாது. மாறாக, படி மிகப் பெரிதாக இருந்தால், இன்னும் பத்து வெள்ளி தரத் தயாராக உள்ளவர் ஐம்பது வெள்ளி கூட்ட முடியாமல் விலகிவிடுவார். விற்பவருக்கு அது நஷ்டம். ஆகையால் விலை சிறிதாக இருக்கையில் சிறிய படி, விலை பெருகப் பெருகப் பெரிய படி என்பது ஏல உலகில் பொது வழக்கம்.

மண்டபத்தில் நேருக்கு நேர் நடக்கும் பெரிய ஏலங்களில், படி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக இருக்கும். 1,000 வெள்ளிக்குப் பின் 1,100, 1,200 என்று போகும். 2,000க்குப் பின் 2,200, 2,500, 2,800, 3,000 என்று தாண்டும் முறையும் உண்டு. அங்கே ஏலம் கூறுபவருக்குப் படியைக் கூட்டவும் குறைக்கவும் உரிமை உண்டு. இணையத்தில் அந்த மனிதர் இல்லை. பட்டியல் ஒன்றே ஆட்சி செய்கிறது.

1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற இ-பே தளத்தின் பட்டியலை உதாரணமாகக் கொள்வோம். அத்தளத்தின் அமெரிக்கப் பிரிவில், அமெரிக்க வெள்ளிக் கணக்கில், ஏறுபடி இவ்வாறு அமைந்துள்ளது:

விலை 1 வெள்ளிக்குக் கீழ்: படி 5 காசு
1 முதல் 4.99 வரை: 25 காசு
5 முதல் 24.99 வரை: 50 காசு
25 முதல் 99.99 வரை: 1 வெள்ளி
100 முதல் 249.99 வரை: 2.50 வெள்ளி
250 முதல் 499.99 வரை: 5 வெள்ளி
500 முதல் 999.99 வரை: 10 வெள்ளி
1,000 முதல் 2,499.99 வரை: 25 வெள்ளி
2,500 முதல் 4,999.99 வரை: 50 வெள்ளி
5,000 வெள்ளியும் அதற்கு மேலும்: 100 வெள்ளி

மண்டப ஏலத்தின் பத்தில் ஒரு பங்குடன் இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே 100 வெள்ளிக்குப் படி இரண்டரைதான். படி சிறியது என்பதனாலேயே, 'இன்னும் ஒரு வெள்ளிதானே' என்று மனம் ஏறிக்கொண்டே போகும். இதனை நினைவில் வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

இயந்திரம் நமக்கு வக்கீல்

நிற்க. இணைய ஏலத்தில் பலர் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. நாம் 60 வெள்ளி என்று பதிவு செய்தால், உடனே விலை 60 ஆகிவிடும் என்று எண்ணுகிறார்கள். அவ்வாறன்று. நாம் தெரிவிப்பது நமது உச்ச விலை. அதைத் தளம் இரகசியமாக வைத்துக்கொண்டு, நமக்காக ஒரு வக்கீலைப் போல, தேவைப்படும் போது மட்டும், ஒவ்வொரு படியாக விலையை ஏற்றிக் கேட்கிறது. நாம் ஒருவரைச் சந்தைக்கு அனுப்பி, 'அறுபது வரை போகலாம், ஆனால் முடிந்தவரை குறைவாக முடித்து வா' என்று சொல்வோமே, அதுவேதான் இது.

இதனால் வெற்றி பெறுபவர் செலுத்துவது தமது உச்ச விலையை அன்று. தமக்கு அடுத்தபடியாகக் கேட்டவரின் உச்ச விலையுடன் ஒரு படி கூட்டிய தொகையையே செலுத்துகிறார்.

இது கணினி யுகத்தில் பிறந்த யோசனை என்று நினைக்க வேண்டா. 1893ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்தாம்ப்டன் என்னும் ஊரில், அஞ்சல்தலை வியாபாரிகள் தபால் மூலம் உச்ச விலைகளை வாங்கி, இரண்டாவது விலையை ஒட்டியே வென்றவரிடம் பணம் பெறும் முறையைக் கையாண்டிருக்கின்றனர். நேரில் வர முடியாத வெளியூர்ச் சேகரிப்பாளருக்கு நியாயம் செய்ய அவ்வழி பயன்பட்டது. பிற்பாடு 1961ஆம் ஆண்டில் வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர், இரண்டாவது விலையைச் செலுத்தும் மூடிய ஏலத்தில் ஒவ்வொருவரும் தம் உண்மையான மதிப்பை அப்படியே எழுதுவதே உத்தமம் என்று கணக்கால் நிறுவினார். 1996ஆம் ஆண்டில் பொருளாதார நோபல் பரிசு பெற்ற இருவரில் அவர் ஒருவர். உண்மையைச் சொல்பவனுக்கு நஷ்டமில்லை என்பதைக் கணக்கும் ஒப்புகிறது!

கணக்கைப் பழகுவோம்

ஓர் அட்டை 9.99 வெள்ளிக்குத் தொடங்குகிறது. 'அ' என்பவர் 40 வெள்ளி என்று உச்ச விலை வைக்கிறார். போட்டியில்லை. எனவே விலை 9.99 என்றே காட்டும்.

'ஆ' என்பவர் 20 வெள்ளி கேட்கிறார். 'அ'வின் வக்கீல் உடனே ஒரு படி ஏறுகிறது. 20 வெள்ளிக்குப் படி 50 காசு. விலை 20.50. முன்னணியில் இருப்பவர் இன்னும் 'அ'தான்.

'ஆ' 30 கேட்கிறார். இப்போது படி 1 வெள்ளி. விலை 31. முன்னணியில் 'அ'.

'ஆ' 39.50 கேட்கிறார். ஒரு படி கூட்டினால் 40.50 வர வேண்டும். ஆனால் 'அ'வின் உச்சம் 40தான். தளம் எவருடைய உச்சத்தையும் மீறாது. ஆகவே விலை 40 என்று நிற்கும். முழுப் படி இல்லாவிடினும் முன்னணி 'அ'வுக்கே.

இப்போது 'ஆ' 60 கேட்டால்? 'அ'வின் 40க்கு மேல் ஒரு படி, 41 வெள்ளி. 'ஆ' முன்னணிக்கு வருவார். அவருடைய 60 வெளியே தெரியாது.

இன்னும் இரண்டு நுட்பங்கள் உண்டு. இருவரும் ஒரே தொகையை வைத்தால், முதலில் வைத்தவருக்கே பொருள் சேரும். அடுத்து, ஒருவர் 100 என்று வைத்திருக்க, காட்டப்படும் விலை 60ஆக இருக்கையில், மற்றவர் 101.10 என்று வைத்தால், முழுப் படியான 102.50 வராவிட்டாலும், 101.10க்கு அவரே வெல்வார். ஒரு வெள்ளி பத்துக் காசில் முந்தியவர் தோற்றுப்போவார். ஆகவே 50, 100 என்று முழுத் தொகையாக வைப்பதைக் காட்டிலும், சிறிது சில்லறை சேர்த்து வைப்பது நன்று. எல்லோருக்கும் முழுத் தொகைதான் முதலில் மனத்தில் தோன்றும்.

மண்டப ஏலத்திலும் இதையொத்த சங்கடம் உண்டு. நமது எல்லை 500 என்று வைத்துக்கொள்வோம். படி 50. நாம் 450 கேட்க, எதிர் ஆள் 500 கேட்டுவிட்டால் நாம் நிற்க வேண்டியதுதான். முறை மாறியிருந்தால் அதே 500 நம்முடையதாகியிருக்கும். ஆகையால் எல்லையை நிர்ணயிக்கும் போதே, 'இன்னும் ஒரே ஒரு படி போகலாமா, கூடாதா' என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு செல்ல வேண்டும். அங்கே நின்றுகொண்டு யோசித்தால், யோசிப்பது அறிவன்று, ஆசை.

நமக்கு நேர்ந்தது

இனி நம் கதையைச் சொல்வோம். சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில், 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பெற்ற நாகூர் தர்காவைப் பற்றி எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 1974ஆம் ஆண்டில் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கட்டடம் அது. அந்தத் தர்காவின் பழைய படத் தபால் அட்டை ஒன்று அமெரிக்க விற்பனையாளர் ஒருவரால் ஏலத்துக்கு வந்திருந்தது. அதை வாங்கிச் சட்டமிட்டு நம் சங்கத்துக்கு அன்பளிப்பாகக் கொடுக்கலாம் என்று எண்ணினோம். 40 அமெரிக்க வெள்ளிக்கு மேல் போவதில்லை என்று மனத்தில் உறுதியும் செய்துகொண்டோம்.

நாம் பார்க்கையில் விலை 18.50. 40 என்று ஒரே தடவையாக வைத்துவிட்டுப் போயிருக்கலாம். வைக்கவில்லை. குறைவாக முடிக்கும் சாமர்த்தியம் என்று நினைத்து 20 கேட்டோம். விலை 20.50, முன்னணி வேறொருவர். 30 கேட்டோம், 31. 40 கேட்டோம், 41. நமது எல்லை அங்கேயே முடிந்தது. ஆனால் 'ஒரு வெள்ளிதானே கூட இருக்கிறது' என்று மனம் சொல்லிற்று. 50 கேட்டோம், 51. 55 கேட்டோம், 56. 62 கேட்டதும் நாம் முன்னணி, விலை 61. மகிழ்ச்சியோடு ளுஹர் தொழச் சென்றோம்.

திரும்பி வந்தால் எதிரி 70 வரை ஏற்றியிருந்தார். விலை 63. நாம் 65, 68, 71 என்று துரத்தினோம். 71இல் மறுபடியும் முன்னணி. அவர் 100 வரை உயர்த்தினார். நாம் 80, 90, 95, 105 என்று ஏறினோம். விலை 102.50. அன்றிரவு ஏலம் முடியும் தறுவாயில் அவர் 115 வைத்தார். நமது 105க்கு மேல் ஒரு படி, 107.50 வெள்ளிக்கு அட்டை அவருக்குப் போயிற்று. கணக்கிட்டுப் பார்த்தோம். நாம் பதின்மூன்று தடவை கேட்டிருக்கிறோம்! தோற்றதற்காக அன்றிரவு அந்த முகமறியா மனிதர் மீது கோபமும் கொண்டோம்.

மூன்று வாரம் கழித்து, ஜும்ஆ முடிந்து வெளியே வருகையில், நம் ஜமாஅத்தின் மூத்த சகோதரர் ஒருவர், நாம் நானா என்று அழைப்பவர், ஓர் உறையை நீட்டினார்.

"தம்பி, இதைப் பாருங்கள். சங்கத்தில் மாட்டுவதற்காக வாங்கினேன். யாரோ ஒரு பிடிவாதக்காரன் விலையை ஏற்றிவிட்டான். பரவாயில்லை, நம் தர்கா படம் வெளியார் கையில் போகாமல் வந்ததே, அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

உறைக்குள் இருந்தது அதே அட்டை. நமக்கு நா எழவில்லை. பிறகு, "நானா, அந்தப் பிடிவாதக்காரன் நான்தான்" என்றோம். அவர் சிறிது நேரம் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தார். "நானும் அறுபதோடு நிற்கத்தான் நினைத்தேன், தம்பி. நீங்கள் விடவில்லை, நானும் விடவில்லை" என்றார்.

அன்று மாலை இருவரும் சேர்ந்து ஏல வரலாற்றைத் திறந்து பார்த்தோம். கேட்டவர் பெயர்களை அத்தளம் இரண்டு எழுத்தும் நடுவில் நட்சத்திரங்களுமாக மறைத்துக் காட்டுகிறது. ஆகையால்தான் ஒருவரையொருவர் அறியவில்லை. எங்களைத் தவிர ஏலத்தில் இருந்தவர் ஒரே ஒருவர். அவர் கேட்டது 18 வெள்ளி. நாம் நுழையாமல் இருந்திருந்தால் நானா 18.50க்கு வாங்கியிருப்பார். நமது எல்லையான 40ஐ மட்டும் ஒரே தடவை வைத்திருந்தாலும் 41க்கு முடிந்திருக்கும். நமது பதின்மூன்று கேள்விகளால், ஒரே நோக்கத்துக்காக, ஒரே பள்ளிவாசலில் தொழும் இருவர், 89 அமெரிக்க வெள்ளியை வீணே கடல் கடக்க விட்டோம். விற்றவர் மீது குற்றமில்லை. அவர் நேர்மையாகவே விற்றார். பிழை நம்முடையது. பாதிப் பணத்தை ஏற்றுக்கொள்ளும்படி நானாவை மன்றாடினோம். அவர் மறுத்துவிட்டார். அட்டை இப்போது சங்க அலுவலகச் சுவரில் இருக்கிறது. பார்க்கும் போதெல்லாம் நமக்கு அந்தப் பதின்மூன்றுதான் ஞாபகம் வருகிறது.

இதிலிருந்து ஒரு யோசனை பிறந்தது. சங்கத்துக்கென்று பழம்பொருள் வாங்க விரும்புவோர் முன்கூட்டியே செயலாளரிடம் சொல்லிவிட்டால், இருவர் பணமும் சேர்ந்து ஒருவர் பெயரில் கூட்டாகக் கேட்கலாம். ஆனால் சந்தையில் உள்ள எல்லா வாங்குவோரும் கூடிப் பேசி, யாரும் கேட்காமல் இருந்து விலையை வீழ்த்துவது வேறு விஷயம். அது விற்பவருக்குச் செய்யும் அநீதி. கூட்டு எது, சதி எது என்பதில் ஐயம் எழுந்தால் ஆலிம்களை அணுகிக் கேட்டுக்கொள்க.

பொய்க் கேள்வி: நஜ்ஷு

இஃது ஒருபுறமிருக்க, வாங்கும் எண்ணமே இல்லாமல், விலையை ஏற்றுவதற்காக மட்டும் கேட்பவர்களும் உண்டு. இதற்கு நஜ்ஷு என்று பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இதனைத் தடை செய்ததாக இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிப்பதைப் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் காணலாம். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் தடுக்கப்பட்ட அதே ஏமாற்றுதான் இன்று இணையத்தில் வேறு உடையில் உலவுகிறது.

2000ஆம் ஆண்டில் இ-பே தளத்தில் ஓவியம் ஒன்று 25 காசுக்கு ஏலம் விடப்பட்டது. ரிச்சர்ட் டீபன்கார்ன் என்ற புகழ்பெற்ற ஓவியர் வரைந்ததாக இருக்கலாம் என்று தோன்றும்படி அதைக் காட்டியிருந்தனர். விலை 1,35,805 வெள்ளி வரை ஏறியது. விற்றவர் தாமே வேறு பெயரில் கேட்டிருந்தது தெரிந்து தளம் அவ்விற்பனையை ரத்துச் செய்தது. ஒருவர் பொருளுக்கு மற்றவர் பொய்யாக விலை ஏற்றிவந்த கூட்டம் அகப்பட்டு, வழக்கு நீதிமன்றம் வரை சென்றது.

இந்த ஏமாற்று ஏறுபடியை வைத்தே நடக்கிறது. உங்கள் உச்சம் 60 என்று விற்பவரின் ஆளுக்குத் தெரியாது. அவன் 20, 30, 40 என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுக்கொண்டே வருவான். ஒவ்வொரு தடவையும் உங்கள் வக்கீல் ஒரு படி ஏறி, உங்கள் பணப்பையைச் சிறிது சிறிதாகத் திறந்து காட்டும். உச்சத்தை நெருங்கியதும் நிறுத்திக்கொள்வான். ஆகவே ஏல வரலாற்றைப் பாருங்கள். கேட்பவரின் கேள்விகளில் எவ்வளவு பங்கு அந்த ஒரே விற்பனையாளரிடம் என்பதைத் தளம் காட்டும். நூற்றுக்கு நூறு ஒரே கடையிலேயே கேட்டு, ஒன்றையும் வாங்காதவரைக் கண்டால் சந்தேகியுங்கள். ஆனால் உடனே பழி சுமத்தாதீர்கள். நம்மைப் போன்ற அறியாதவரும் அப்படித்தான் துளித்துளியாகக் கேட்பார்கள்!

வியாபாரிகளாகிய நமக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. நாம் வாங்குபவர் மட்டுமல்லர், விற்பவருமாவோம். நம் அட்டை 5 வெள்ளியில் நின்றுவிட்டால், 'மருமகனை விட்டு ஒரு கேள்வி கேட்கச் சொன்னால் என்ன' என்று ஷைத்தான் காதில் ஓதுவான். அந்த ஒரு கேள்வியால் வரும் 50 காசும் ஹலால் ஆகாது. குறைந்த விலைக்குப் போய்விடுமோ என்று அஞ்சினால், தொடக்க விலையையே உயர்த்தி வையுங்கள். அல்லது, இந்த விலைக்குக் கீழ் விற்பதில்லை என்று அடிவிலை நிர்ணயிக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். நேர்வழி இருக்கையில் குறுக்கு வழி எதற்கு?

உச்ச விலையை எங்ஙனம் நிர்ணயிப்பது?

ஏலத்தில் காணும் விலை நாம் கொடுக்கும் விலையன்று. பெரிய ஏல நிறுவனங்களில் வாங்குபவர் தரகும் சேரும். 2014ஆம் ஆண்டில் நியூயார்க்கில் சதபீ நிறுவனம் பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் கருஞ்சிவப்பு அஞ்சல்தலையை ஏலம் விட்டது. சுத்தியல் விழுந்தது 79 இலட்சம் வெள்ளிக்கு. தரகு சேர்ந்து வாங்கியவர் செலுத்தியதோ 94 இலட்சத்து 80 ஆயிரம்!

நம் சிறிய வாங்கல்களுக்கும் இக்கணக்கு உண்டு. தபால் செலவு, நாணய மாற்று, வரி மூன்றையும் சேருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் 400 வெள்ளிக்கு மேற்படாத சாமான்களுக்கும், பதிவுபெற்ற விற்பனைத் தளங்கள் 2023 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரின் பொருள் சேவை வரியை வசூலிக்கின்றன. வரி விகிதம் 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு.

பின்னாலிருந்து முன்னால் கணக்கிடுவதே முறை. எல்லாம் சேர்த்து 60 அமெரிக்க வெள்ளிக்கு மேல் செலவிட மாட்டேன் என்று வைத்துக்கொள்வோம். 60ஐ 1.09ஆல் வகுத்தால் 55.05. தபால் செலவு 12ஐக் கழித்தால் 43.05. இதுவே நீங்கள் வைக்க வேண்டிய உச்ச விலை. 60 அன்று!

இத்தொகையை ஒரு காகிதத்தில் எழுதிவிட்டு, ஒரே தடவை பதிவு செய்யுங்கள். புள்ளியைச் சரிபாருங்கள். 43.05 என்பது 4305 ஆகிவிடக் கூடாது. அவ்வாறு கைதவறினால் உடனே திருத்திக்கொள்ள வழியுண்டு. ஆனால் மனம் மாறியது என்பதற்காகப் பின்வாங்குவது முறையன்று. ஏலத்தில் கேட்டது வாக்குறுதி. வென்றால் பணம் செலுத்தியே ஆக வேண்டும்.

எப்போது வைப்பது? இ-பே ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும். கடைசியில் கேள்வி வந்தால் நேரத்தை நீட்டிக்கும் தளங்களும் உள்ளன. ஆல்வின் ராத், ஆக்சல் ஓக்கன்ஃபெல்ஸ் என்னும் இரு அறிஞர்கள் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நேரம் நீளாத இ-பேயில், நேரம் நீளும் முறை வைத்திருந்த அக்காலத்து அமேசான் ஏலத்தைவிட, கடைசி நேரக் கேள்விகள் மிகுதி என்று கண்டனர். நம்மைப் போல் துளித்துளியாக ஏறுபவருக்குப் பதிலேறச் சந்தர்ப்பம் கொடாமலிருக்கவே பலர் கடைசிவரை காத்திருக்கின்றனர். ஆனால் உண்மையான உச்சத்தை வைத்தவருக்கு நேரம் ஒரு பெரிய பொருட்டன்று. அதற்கு மேல் விலை போனால், அப்பொருள் நமக்குரியதன்று என்று விட்டுவிட வேண்டியதே.

பயிற்சிக் கணக்கு

பிள்ளைகளும் செய்து பார்க்க மூன்று கணக்குகள் தருகிறோம். மேலே உள்ள பட்டியலைப் பயன்படுத்துக.

1. ஒருவர் உச்சம் 30. மற்றவர் உச்சம் 80. வேறு யாருமில்லை. விலை என்ன?
2. ஒருவர் திங்களன்று 75 வைத்தார். மற்றவர் செவ்வாயன்று அதே 75 வைத்தார். யாருக்கு, எவ்வளவுக்கு?
3. ஒருவர் 260, மற்றவர் 400. விலை என்ன?

விடை: 1. 31 வெள்ளி. 2. திங்களன்று வைத்தவருக்கு, 75 வெள்ளி. 3. 265 வெள்ளி.

சகோதரர்களே! ஏறுபடி சிறியது. அதில் கால் வைத்து ஏறும் ஆசையோ பெரியது. ஏணியில் எத்தனை படி ஏறுவது என்பதை ஏறுமுன் தரையில் நின்று முடிவு செய்யுங்கள். எதிரே கேட்பவரைப் பகைவராக எண்ணாதீர்கள். நட்சத்திரங்களுக்குப் பின்னே இருப்பவர், நாளை தொழுகையில் உங்கள் தோளோடு தோள் நிற்பவராகவும் இருக்கலாம்.

வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும், நம் பொருளில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.